கேளாமல் சொன்னவை

கோயம்புத்தூரின் வரலாற்றைச் சொல்லச் சொன்னால் இந்த ஊரில் யாரும் அதிகம் தடுமாற மாட்டார்கள். 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலை, சிறுவாணித் தண்ணீர், 1930களில் பைகாராவிலிருந்து வந்த மின்சாரம், அதைத் தொடர்ந்து வரிசையாக எழுந்த மில்கள் என்று பெயரும் ஆண்டுமாக வந்து விழும். அதே ஆளிடம், 1935இல் பீளமேட்டில் ஒரு வீட்டில் காலையில் என்ன சாப்பிட்டார்கள், யார் முதலில் உட்கார்ந்தார்கள், யார் கடைசியில் சட்டியை வழித்தார்கள், கை கழுவும்போது எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பழைய சோறு என்பார், கம்பஞ்சோறு என்பார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அவருடைய தாத்தா பாட்டி அந்தக் காலத்தை முழுதாக வாழ்ந்தவர்கள்தான். ஆனாலும் இல்லை. இன்று நான் முன்வைக்க விரும்புவது ஒரே ஒரு கருத்து: ஒரு காலத்தின் அன்றாட வாழ்க்கைக்கு மிக நல்ல சாட்சி, ஒருவர் தன் நண்பருக்கு, அவர் கேளாமலே, சும்மா எழுதிச் சொன்னவை. பட்டயமும் அறிக்கையும் பத்திரிகையும் நாவலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. கொங்கு நாட்டில் அந்தச் சாட்சியம் எழுதப்படாமல் போனதாக நான் நினைக்கவில்லை. எழுதப்பட்டது, ஆனால் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

நம்மிடம் இருக்கும் சான்றுகள் எப்படிப்பட்டவை என்று முதலில் பார்ப்போம். ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவர்கள் ஆயுள் முழுதும் அலைந்து கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் ஓலைப் பட்டயங்களையும் தேடித் தொகுத்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நமக்குப் பாதி வரலாறு இருந்திருக்காது. ஆனால் அந்த ஆவணங்கள் எதைப் பேசுகின்றன? யாருக்கு எந்தக் கோயிலில் முதல் மரியாதை, எந்தக் கூட்டத்துக்கு எந்த ஊரில் காணி, யார் யாருக்கு என்ன வரி தர வேண்டும், வழக்கு எப்படித் தீர்ந்தது என்பவையே பெரும்பகுதி. சண்டையும் உரிமையும் எழுத்தில் ஏறின. சண்டை இல்லாத நாட்கள் ஏறவில்லை. அடுத்து வெள்ளைக்காரர்கள். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கம்பெனியின் உத்தரவின் பேரில் மைசூரையும் மலபாரையும் சுற்றி வந்தபோது கோயம்புத்தூர்ச் சீமையையும் கடந்தார். என்ன விதைக்கிறார்கள், கிணறு எப்படி வெட்டுகிறார்கள், கூலி எவ்வளவு, நெசவுக்கு என்ன விலை என்று வழியெங்கும் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1887இல் நிக்கல்சன் என்ற அதிகாரி கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதினார். மண், மழை, வரி, கடன், குடியானவரின் சாப்பாடு வரைக்கும் அதில் இடம் உண்டு. இருவரும் கூர்மையானவர்கள், உழைப்பாளிகள். இருவர் எழுத்தையும் ஒதுக்கிவிட்டுக் கொங்கு வரலாறு எழுத முடியாது.

ஆனால் இரண்டிலும் ஒரு பொதுக் குறை இருக்கிறது. அவை கேள்விக்குக் கிடைத்த பதில்கள். குதிரையில் வந்து இறங்கிய துரையிடம், இந்த ஆண்டு விளைச்சல் எப்படி என்று கேட்டால் ஒரு குடியானவர் என்ன சொல்லுவார்? வரி ஏறிவிடும் என்ற பயத்தில் குறைத்துச் சொல்லுவார். அது இயல்பு. பொய் ஒருபுறம் இருக்கட்டும். கேள்வி கேட்பவருக்குத் தோன்றாத விஷயம் பதிலிலும் வராது என்பதுதான் பெரிய சிக்கல். கூலியைப் பற்றிக் கேட்டார், கூலி வந்தது. பொழுது சாய்ந்தபின் ஆசாரத்தில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை, எனவே அது வரவில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும்கூட இப்படித்தான். சின்னியம்பாளைய மில் தொழிலாளர்கள் நால்வர் ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியும், நாளும் தெரியும். ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். அவர்கள் மில்லுக்குப் போய்வந்த சாதாரண நாட்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? வழக்கு கேட்டதைத்தான் வழக்குக் காகிதம் சொல்லும்.

பத்திரிகையின் குறை வேறு மாதிரியானது. 1972இல் மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கட்டை வண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிவந்து சாலைகளை அடைத்தார்கள். தமிழ்நாட்டு விவசாயிகள் இயக்கத்தின் பெரும் தருணங்களில் அது ஒன்று. வண்டிகள் வந்தது செய்தியானது. அத்தனை வண்டியும் மாடும் ஊரை விட்டுக் கிளம்பியபின் தோட்டத்தில் யார் தண்ணீர் கட்டினார்கள், எருமையை யார் கறந்தார்கள், நகரத்துத் தெருவில் நின்ற மாடுகளுக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது, திரும்பி வந்த ஆம்பளைகளிடம் வீட்டுப் பெண்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் செய்தி ஆகாது. அது ஆகவும் முடியாது. நேற்றுப் போலவே இன்றும் நடந்ததை எழுதினால் பத்திரிகை விற்குமா? ஆனால் இந்தச் சின்ன விவரங்கள் தெரியாமல், மின்கட்டணத்தில் ஒரு சில பைசாவுக்காக ஏன் ஒரு வட்டாரமே கொதித்தது என்று விளங்காது. கவலை இறைத்த காலம் போய் மோட்டார் வந்தபோது விவசாயியின் நாள் எப்படி மாறியது, மாடு ஓட்டி முன்னும் பின்னும் நடந்த நேரம் என்னவாயிற்று, கரண்ட் வரும் நேரத்துக்காக நடுச்சாமத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போகும் வழக்கம் எப்போது வீட்டின் தூக்கத்தையே மாற்றியது என்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சில பைசாவின் கனம் புரியும்.

கோவையில் இதற்கு இன்னொரு கண்கூடான எடுத்துக்காட்டு இருக்கிறது. நகரின் பல பகுதிகளில் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பார்க்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் கோவையைத் திரும்பத் திரும்பத் தாக்கிய கொள்ளைநோயின் மிச்சம் அவை. கோயில் நிற்கிறது, பூசை நடக்கிறது, ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள். எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்குவது அந்தக் காலத்துப் பிளேக் நடைமுறை. கொட்டகையில் எத்தனை நாள்? சமைத்தது எங்கே? பள்ளிக்கூடம் இருந்ததா? பிரசவம் நேர்ந்தால் யார் பார்த்தார்கள்? ஊரில் விட்டுவந்த பூட்டிய வீட்டை யார் காத்தார்கள்? சுகாதார அதிகாரிகளின் அறிக்கையில் செத்தவர் கணக்கு இருக்கும். ஆனால் அந்தக் கொட்டகை வாழ்க்கையைச் சொல்லக்கூடியது, பல்லடத்திலோ தாராபுரத்திலோ இருந்த ஒரு நண்பருக்கு எழுதிய ஒரு அட்டைதான். அஞ்சலட்டை 1879இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது, விலை காலணா. எழுதத் தெரிந்தவரும் ஊரில் இருந்தார்கள். எழுதியிருப்பார்கள். அதைப் படித்தவர் கிழித்துப் போட்டிருப்பார், அல்லது கம்பியில் குத்தி வைத்து, கம்பி நிறைந்ததும் அடுப்பில் போட்டிருப்பார்.

ஏன் நண்பருக்கு எழுதியது என்று அழுத்திச் சொல்கிறேன்? நாட்குறிப்பு போதாதா என்று கேட்கலாம். நம்மிடம் உலகம் வியக்கும் நாட்குறிப்பு ஒன்று உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரி அது. கப்பல் வந்தது, சரக்கின் விலை, கவர்னர் முகம் கொடுத்துப் பேசினாரா இல்லையா, மதாம் துய்ப்ளேயின் பகை, சகுனம், ஜோசியம், 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது என்று பதினெட்டாம் நூற்றாண்டு முழுதாக அதில் கிடக்கிறது. இருந்தும் அதைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று உறைக்கும். பிள்ளையை மறுத்துப் பேச அந்தப் பக்கங்களில் யாரும் இல்லை. தன்னை எல்லோரும் புகழ்ந்ததாக எழுதுகிறார், எழுதிக்கொண்டே இருக்கிறார். தனக்குத்தானே எழுதுபவர் தன்னைத் தேற்றிக்கொள்ளவும் செய்வார். ஊருக்கு எழுதுபவர் தன்னை அலங்கரித்துக்கொள்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர் நண்பர். உங்கள் வீடு எப்படி, உங்கள் சம்பளம் எவ்வளவு, உங்கள் மாமியாருக்கும் உங்களுக்கும் எப்படி என்று அவருக்குத் தெரியும். அவரிடம் பெருமையடித்தால் அடுத்த கடிதத்தில் கிண்டல் வரும். எனவே அளந்துதான் பேச முடியும். அதே சமயம் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, எதையும் முக்கியமானது என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. பல்வலி, மழை, கடன், நேற்றுக் கேட்ட பாட்டு எல்லாம் ஒரே தட்டில் வரலாம். அன்றாடம் இப்படித்தான் இருக்கிறது, தரம் பிரிக்காமல்.

கரிசல் வட்டாரத்துக்கு இந்த யோகம் வாய்த்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூரில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனார், 1952இல் மலேயாவுக்கும் போய் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்துத் திரும்பினார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். இடையில் கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து பின்னால் நூலாகக் கொண்டுவந்தார். சங்கீதம், படித்த புத்தகம், கைக்காசு, உடம்பு, ஊர் ஏக்கம், நண்பர்களைப் பற்றிய வம்பு எல்லாம் கலந்து கிடக்கும் எழுத்து அது. இருவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர்கள் என்பதால் அந்தக் கடிதங்களுக்கு மதிப்பு வந்தது என்று நினைப்பது தவறு. இலக்கியக் கருத்துகளை இருவரும் கட்டுரைகளிலும் எழுதினார்கள். இரண்டு இளைஞர்கள் பணமில்லாமலும் உற்சாகம் குறையாமலும் எப்படி நாளைக் கடத்தினார்கள் என்பது கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கம்ப ரசிகர் டி.கே.சி.யையும் சொல்ல வேண்டும். அவருடைய நண்பர்கள் கூடிய வட்டத்தொட்டியில் பேசியவை காற்றோடு போயின. அவர் குற்றாலத்திலிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் நின்றன. சாரல் விழுந்ததா, அருவியில் தண்ணீர் எப்படி, யார் வந்து தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டே போவார். கம்பனைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு நிறைய மறுப்பு உண்டு. பாட்டைத் தன் விருப்பப்படி திருத்தியதை ஏற்க முடியாது. ஆனால் ஒரு நாளை ருசித்து எழுதுவதில் அவருக்கு நிகரானவர் தமிழில் குறைவு.

புதுமைப்பித்தன் விஷயம் இன்னும் தெளிவானது. கதைகளிலும் கட்டுரைகளிலும் நாம் காணும் புதுமைப்பித்தன் யாருக்கும் அஞ்சாத நக்கல்காரர். ‘ராஜமுக்தி’ படவேலைக்காகப் புனாவுக்குப் போய், காசநோயோடு திரும்பி, 1948இல் இறந்தார். மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் தொகுக்கப்பட்டன. பணம் அனுப்புவது, பணம் வராதது, வீடு, உடம்பு, குழந்தை என்பவை அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. கதையில் உலகத்தையே கிண்டல் செய்தவர் கடிதத்தில் வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடுகிறார். இரண்டில் எது உண்மையான புதுமைப்பித்தன் என்று கேட்பது வீண் கேள்வி. ஆனால் 1940களில் தமிழில் எழுதிப் பிழைப்பது என்றால் வாரந்தோறும் என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவதைத்தான் படிக்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு: இதெல்லாம் வெட்டிப் பேச்சு, பல்வலியையும் மழையையும் சேர்த்து வைத்து என்ன ஆகப்போகிறது? இந்த மறுப்பைச் சொல்கிறவர்களுக்கு 1937இல் இங்கிலாந்தில் நடந்ததை நினைவுபடுத்தலாம். மக்களைக் கவனித்தல் என்று பொருள்படும் பெயரில் மூன்று இளைஞர்கள், டாம் ஹாரிசன், சார்ல்ஸ் மேட்ஜ், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ், ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சாதாரண மக்கள் தங்கள் நாளை எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக் கணப்பின் மேல்தட்டில் என்னென்ன பொருள் வைத்திருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டு எழுத வைத்தார்கள். படித்தவர்களின் பத்திரிகைகள் கேலி செய்தன. 1939இல் யுத்தம் மூண்டபோது பாரோ என்ற துறைமுக ஊரில் நெல்லா லாஸ்ட் என்ற குடும்பத் தலைவி எழுதத் தொடங்கினார். 1966 வரை நிறுத்தவில்லை. ரேஷனில் கிடைத்ததை வைத்து எப்படிச் சமைத்தார், கணவரின் சிடுசிடுப்பு, வெளியே போய் வேலை செய்யத் தொடங்கியதும் தனக்குள் வந்த தைரியம் என்று அவர் எழுதியவை இன்று பிரிட்டிஷ் யுத்தகால வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்று. அன்று முக்கியமாகத் தெரிந்த தலையங்கங்களை யார் படிக்கிறார்கள்? எது பதர், எது மணி என்று களத்தில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். நாட்களைப் பொறுத்தவரை அது ஐம்பது வருடம் கழித்துத்தான் தெரிகிறது. அதனால்தான் அன்றே தூற்றக் கூடாது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. நம் கடிதங்கள் எல்லாம் ஒரே வாய்ப்பாடு, நலம் நலமறிய ஆவல் என்று தொடங்கி மற்றவை நேரில் என்று முடியும், உள்ளே ஒன்றும் இருக்காது என்பார்கள். வாய்ப்பாடு இருந்தது உண்மை. ஆனால் வாய்ப்பாடு முதல் வரியையும் கடைசி வரியையும்தான் பிடித்துக்கொண்டது. 1950இல் வந்த இன்லண்டுக் கடிதத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று பக்கமும் நிறைந்து, மடிப்பு ஓரத்திலும் குறுக்கே எழுதியிருப்பார்கள். ஓரத்தில் நுணுக்கி எழுதப்பட்டது எந்த வாய்ப்பாட்டிலும் சேராது. அடுத்த வாரம் நோம்பி, ஒரம்பரை வந்திருக்கிறார்கள், வெள்ளாடு குட்டி போட்டது, மஞ்சள் விலை இறங்கிவிட்டது, அப்புச்சிக்குக் கண் தெரியவில்லை. இங்கு அனைவரும் நலம் என்று மேலே எழுதிவிட்டுக் கீழே அம்மாயிக்கு நாலு நாளாய்க் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். இந்த முரணைக் கண்டு சிரிக்கலாம். நான் அதை மரியாதைக்கும் உண்மைக்கும் இடையே ஒரு சமுதாயம் வைத்திருந்த தூரத்தின் அளவு என்று படிக்கிறேன்.

நாவல் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பது மூன்றாவது. கொங்கு நாட்டுக்கு இது வலுவான மறுப்பு, ஏனெனில் இங்கே நாவல் மிகவும் முன்னால் போய்விட்டது. கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை எழுத்தாளர் கு.ப.ரா.வின் முன்னுரையோடு 1942இல் வெளியிட்டார். கணவனை இழந்த ஒரு பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கேட்டதால் குடும்பம் உடைகிறது, கொழுந்தன் சின்னப்பன் கொலையாகிறான். தமிழில் வட்டார வாழ்க்கையை அதன் பேச்சோடு சொன்ன முன்னோடி நாவல் அது. கரிசலுக்குக் கி.ரா. வருவதற்கு முன்பே கொங்குக்குச் சண்முகசுந்தரம் வந்துவிட்டார். இதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நம் ஊர் அன்றாடத்துக்கு இன்றுவரை கடிதங்கள் செய்ததைவிட நாவல்கள் செய்ததே மிக அதிகம். ஆனாலும் நாவலில் சந்தைக்குப் போகிறார்கள் என்றால் சந்தையில் ஏதோ நடந்தாக வேண்டும். ஒரு பொருளைக் காட்டினால் அது கதைக்கு உதவ வேண்டும். எதற்கும் உதவாத விவரத்துக்கு நல்ல நாவலில் இடம் இல்லை, இருக்கவும் கூடாது. கடிதத்தில் அந்த நிபந்தனை கிடையாது. சின்னப்பனும் ராமாயியும் சண்டையில்லாமல் கழித்த நாட்களைப் பற்றிச் சண்முகசுந்தரம் எழுதியிருந்தால் அது மோசமான நாவலாகியிருக்கும், அருமையான சான்றாகியிருக்கும்.

இருப்பவற்றில் மிகக் கடினமானது நான்காவது மறுப்பு. கடிதம் யார் எழுதினார்கள்? நிலமும் பள்ளிக்கூடமும் கிடைத்தவர்கள், அவர்களிலும் ஆண்கள். பண்ணையத்தில் வேலை செய்த மாதாரிகளின் நாள் எந்த அஞ்சலட்டையிலும் இல்லை. ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையன்களின் உலகம் எழுத்துக்கு வர 2000இல் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலை எழுத வேண்டியிருந்தது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். கடிதத்தைச் சேர்த்து வைப்பது மட்டும் போதும் என்றால் ஒரு பகுதியினரின் நாளையே ஊரின் நாள் என்று சாதித்தவர்களாவோம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் கையும் சொன்னவர் வாயும் ஒன்றல்ல. இந்த நாட்டில் நெடுங்காலம் கடிதம் என்பது பொதுக்காரியம். எழுதத் தெரிந்த பையனை உட்கார வைத்து நான்கு பேர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்கள். வந்த கடிதத்தைத் தபால்காரரே வாசலில் நின்று படித்துக் காட்டினார். மதிய உணவுத் திட்டம் வந்து பள்ளிகள் பெருகியபின், 1960களிலும் 70களிலும், முதன்முதலாக எழுத்துக் கற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு வந்தார்கள். பெண்களின் சொல் பையன்களின் கையெழுத்தில் கிடக்கிறது. இரண்டாவது, எழுத்தறிவு குறைவு என்பதால் ஒருவரிடம் எழுதத் தக்க நாள் இல்லை என்று ஆகிவிடாது. இத்தாலியில் கிளேலியா மார்க்கி என்ற விவசாயப் பெண் அதிகம் பள்ளிக்கூடம் பார்க்காதவர். கணவர் இறந்தபின் தூக்கம் வராத இரவுகளில் தன் வாழ்க்கையைக் கட்டில் விரிப்பு ஒன்றில், துணி முழுக்க வரி வரியாக எழுதினார். காகிதம் தீர்ந்துபோனதால் என்று சொல்வார்கள். அந்த விரிப்பு இன்று பியேவே சாந்தோ ஸ்தேபானோ என்ற சிறு நகரத்தின் காப்பகத்தில் இருக்கிறது.

கோவையில் நண்பர்களுக்குள் எழுத்தைச் சுற்றுக்கு விடும் மரபே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1971இல் இதே ஊரில் ‘வானம்பாடி’ வந்தது. விலையிலாக் கவிமடல் என்றே அதற்குப் பெயர். புவியரசு, ஞானி, சிற்பி, அக்கினிபுத்திரன் முதலியோர் கூடிப் பேசி, கைக்காசு போட்டு அச்சிட்டு, வேண்டியவர்களுக்கு அனுப்பினார்கள். விற்பனைக்கு என்றில்லாமல் தோழமைக்காகவே ஓர் இதழ் என்பது பெரிய காரியம். ஆனால் என் மதிப்பீட்டில், வடிவத்தில் அது கடிதமாக இருந்ததே தவிரக் குரலில் மேடையாக இருந்தது. மானுடம், விடியல், புரட்சி என்று அதன் பார்வை உயரத்திலேயே நின்றது. பொள்ளாச்சிச் சந்தையின் தூசியும் மில் சங்கு ஊதும் நேரமும் அந்த உயரத்திலிருந்து சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தின் சூடு அப்படி, குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வானம்பாடிகளில் ஒருவரான சிற்பிக்கு 2002இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றுத் தந்தது ‘ஒரு கிராமத்து நதி’ என்ற கவிதை நூல். ஆத்துப் பொள்ளாச்சியின் ஆழியாற்றையும் ஊர் மனிதர்களையும் பற்றியது. முப்பது ஆண்டு கழித்து அவர் இறங்கி வந்த இடம் அதுதான்.

இன்று யார் கடிதம் எழுதுகிறார்கள், எல்லாம் கைப்பேசியில் பேசிவிடுகிறார்களே என்று கேட்பீர்கள். சொல்லும் ஆசை குறையவில்லை என்பதற்குத் திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களே சாட்சி. சாப்பாட்டு நேரத்தில் தேனிக்காரரும் பீகார்க்காரரும் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியை வாய்க்கருகே பிடித்து ஊருக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். என்ன சமைத்தேன், சூப்பர்வைசர் என்ன சொன்னார், அறையில் எத்தனை பேர் என்று. கேளாமல் சொல்வது என்பது இதுதான். புக்கானனும் நிக்கல்சனும் பெற முடியாதது இவர்கள் நாவில் புரள்கிறது. ஆனால் கைப்பேசி மாறும்போது அத்தனையும் அழிந்துபோகிறது. அட்டையை அடுப்பில் போடவாவது ஒருவர் எழுந்து போக வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு மறுப்பு. பிறர் கடிதத்தைப் படிப்பது முறையா? கமலாவுக்கு எழுதியதை ஊர் படிக்கலாமா? எளிதான பதில் இதற்கு இல்லை. எழுதியவர், பெற்றவர், அதில் பேர் வருகிறவர் என்று மூன்று தரப்பின் சம்மதம் இதில் இருக்கிறது, மூன்றாவது தரப்பை யாரும் கேட்பதில்லை. நான் சொன்ன இத்தாலிய ஊரில் 1984இல் சாவெரியோ துத்தீனோ என்ற பத்திரிகையாளர் அந்தக் காப்பகத்தைத் தொடங்கினார். நாட்குறிப்பு, கடிதக் கட்டு, தன்வரலாறு எதையும் மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். அதில் வழி இருக்கிறது. பறிக்காமல், தரப்படுவதை வாங்குவது. எந்தப் பெயரை மறைக்க வேண்டும், எத்தனை ஆண்டு கழித்துத் திறக்க வேண்டும் என்று தருபவரே சொல்லலாம். நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிற்காமல், மற்றவர் குப்பை என்று எறிந்த கல்யாணப் பத்திரிகைகளையும் துண்டு நோட்டீசுகளையும் சேர்த்தார். அவருடைய சேகரிப்புதான் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. கோவையில் இத்தனை பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றில் ஓர் அறையும் ஒரு பீரோவும் கிடைக்காதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்படி ஓர் அறை கிடைத்தால் தேடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கடிதம் எழுதியவர் வீட்டில் இருக்காது, பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கிணறு தோண்டுவதற்காக மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று மாதக்கணக்கில் சுற்றியபோது வண்டியில் போன பையன்கள் எழுதியவை திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கலாம். அவர்களுக்கு ஊரிலிருந்து போனவை ஏதாவது ஒரு லாரி டூல்ஸ் பெட்டியில் கிரீசோடு ஒட்டிக் கிடந்து மக்கியிருக்கும். பொள்ளாச்சியிலிருந்து எழுதப்பட்டது வால்பாறை எஸ்டேட்டில் கிடக்கும், கோவையிலிருந்து போனது மும்பையில் ஜவுளிக்கடை வைத்தவரின் மகள் வீட்டில் கிடக்கும், ஈரோட்டிலிருந்து போனது பினாங்கில் கிடக்கும். ஆகவே கொங்கு நாட்டின் அன்றாடத்தைத் தேடுகிறவர் முதலில் கொங்கு நாட்டை விட்டு வெளியே போனவர்களின் முகவரிகளைத்தான் சேகரிக்க வேண்டும்.